தபால் இலாகாவிலிருந்து நோபல் பரிசுக்கு! – காதுக்குள் அலையைக் கண்ட பேகேஷியின் கதை



கிரகாம் பெல்லைத் தெரியாத எலக்ட்ரானிக்ஸ் மாணவன் இருக்க மாட்டான். மார்க்கோனியையும் எடிசனையும் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் டெலிபோன் லைன் சோதிக்கிற வேலையில் சேர்ந்து, அந்த வேலை கிளப்பிவிட்ட ஒரு கேள்வியை விடாப்பிடியாகத் துரத்திக்கொண்டே போய், கடைசியில் மருத்துவத்துக்கான நோபல் பரிசையே வாங்கிய ஒருவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் மருத்துவம் படித்தவர் இல்லை. படித்தது வேதியியல், பட்டம் வாங்கியது இயற்பியலில், சம்பளம் கொடுத்தது தபால் இலாகா. அவர்தான் ஜார்ஜ் வான் பேகேஷி.

சத்தம் காதுக்குள் போகிறது, மூளை புரிந்துகொள்கிறது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன வேலை நடக்கிறது என்று பார்த்தவர் இவர். இவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாடு நாடாகப் படித்த பிள்ளை

பேகேஷி பிறந்தது 1899 ஜூன் 3-ஆம் தேதி, ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில். அப்பா தூதரக அதிகாரி. மாற்றல் உத்தரவு வந்தால் குடும்பமே மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் பையனின் படிப்பு மியூனிக், கான்ஸ்டான்டிநோபிள், புடாபெஸ்ட், ஜூரிக் என்று ஊர் ஊராக நடந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். பிறகு 1923-ல் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பட்டம் வாங்கியாச்சு, வேலை? முதல் உலகப் போரில் தோற்று நொந்து போயிருந்தது ஹங்கேரி. பல்கலைக்கழகங்களில் கருவி வாங்கக்கூடப் பணமில்லை. ஓரளவு நல்ல கருவிகள் இருந்த இடம் தபால் இலாகாவின் ஆராய்ச்சிக்கூடம். டெலிபோன், தந்தி, வானொலி எல்லாம் அப்போது அந்த இலாகாவின் பொறுப்பு. பேகேஷி அங்கே போய்ச் சேர்ந்தார். நடுவில் ஒரு வருஷம் பெர்லினில் சீமென்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்ததைத் தவிர, 1946 வரை அங்கேதான் இருந்தார்.

ஒரு ‘க்ளிக்’ சத்தம்

நெடுந்தூர டெலிபோன் லைன் பழுதானால் சோதிப்பது அன்றைக்கு நேரம் பிடிக்கிற வேலை. வெவ்வேறு அதிர்வெண்களை ஒவ்வொன்றாக அனுப்பி அளந்துகொண்டே இருக்க வேண்டும். வயலின்காரர் என்ன செய்கிறார்? தந்தியை ஒரு முறை சுண்டிப் பார்க்கிறார், சுருதி சரியா இல்லையா என்று அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. பேகேஷி அதையே லைனுக்கும் செய்தார். லைனில் மின்னழுத்தத்தைச் சட்டென்று போட்டு ஒரு ‘க்ளிக்’ உண்டாக்கிக் காதால் கேட்டார். சத்தம் மாறியிருந்தால் லைனில் கோளாறு. நம்ம பாடத்தில் ஸ்டெப் இன்புட் கொடுத்து ரெஸ்பான்ஸ் பார்க்கிறோமே, அதேதான்.

இலாகாவுக்கு அப்போது இன்னொரு கணக்கும் இருந்தது. கையில் இருக்கிற பணத்தைக் கேபிளில் போடுவதா, டெலிபோன் கருவியில் போடுவதா? பேச்சின் தரம் எங்கே கெடுகிறது? லைன் போய் முடிகிற இடம் மனிதக் காது. அந்தக் காதின் தரம் தெரியாமல் எதைத் திருத்துவது? பேகேஷி செவிப்பறையையும் டெலிபோன் ரிசீவரின் தகட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். க்ளிக் சத்தத்துக்குச் செவிப்பறை அதிர்ந்து உடனே அடங்கியது. ரிசீவர் தகடு அப்படி அடங்கவில்லை. காது எங்கேயோ இருக்கிறது, ரிசீவர் எங்கேயோ இருக்கிறது! திருத்த வேண்டியது ரிசீவரைத்தான் என்று தெரிந்தது.

இலாகாவைப் பொறுத்தவரை விஷயம் அத்துடன் முடிந்தது. பேகேஷிக்கு அங்கேதான் ஆரம்பமே. இவ்வளவு நன்றாக வேலை செய்கிற இந்தக் காதுக்குள் என்னதான் இருக்கிறது?

பட்டாணி அளவில் ஒரு நத்தைக்கூடு

காதின் அமைப்பை நம்ம பாஷையில் சொன்னால் சுலபமாகப் புரியும். வெளியே காற்று, உள்ளே திரவம். காற்றிலிருந்து திரவத்துக்கு ஒலி நேரடியாகப் போனால் பெரும்பகுதி திரும்பிவிடும். இம்பீடன்ஸ் பொருந்தாது. ஆகவே நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். அந்த வேலையைச் செய்பவைதான் சுத்தி, பட்டடை, அங்கவடி என்கிற மூன்று குட்டி எலும்புகள். செவிப்பறையில் அதிர்கிற பரப்பு சுமார் 55 சதுர மி.மீ., அங்கவடியின் அடித்தட்டு சுமார் 3.2 சதுர மி.மீ. பெரிய பரப்பில் வாங்கிச் சின்னப் பரப்பில் கொடுக்கும்போது அழுத்தம் சுமார் 17 மடங்காகிறது. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 22 மடங்கு. எந்தக் கம்பெனி டிரான்ஸ்பார்மர் இத்தனை கச்சிதமாக இருக்கிறது, சொல்லுங்கள்!

அங்கவடி தட்டுகிற கதவுக்கு அந்தப் பக்கம்தான் காக்ளியா. நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்று சுருண்டது, பட்டாணி அளவு. உள்ளே சுமார் 35 மி.மீ. நீளத்துக்கு ஒரு சவ்வு. அதன் பெயர் அடித்தளச் சவ்வு. அதன்மேல் வரிசை வரிசையாக ஏறக்குறைய 15,000 முடிச்செல்கள். அங்கிருந்து சுமார் 30,000 நரம்பு இழைகள் மூளைக்குப் போகின்றன.

அந்தச் சவ்வு எப்படி அதிர்கிறது என்பதில்தான் அந்தக் காலத்துப் பெரிய சண்டை. ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் சொன்னது இது: சவ்வுக்குள் பியானோத் தந்திகள் மாதிரி இழைகள் இருக்கின்றன, ஒவ்வோர் இழையும் தனக்குரிய சுருதிக்கு மட்டும் ஒத்ததிர்கிறது. ரூதர்ஃபோர்டு என்ற உடலியல் பேராசிரியர் 1886-ல் வேறு மாதிரி சொன்னார். டெலிபோன் தகடு மாதிரி சவ்வு முழுவதும் ஒன்றாக அதிர்கிறது, பிரித்துப் பார்க்கிற வேலை முழுவதும் மூளையுடையது என்றார். இந்தக் கருத்துக்கு டெலிபோன் கொள்கை என்றே பெயர். அதைச் சோதித்தவர் ஒரு டெலிபோன் ஆசாமி என்பது வேடிக்கைதான்! ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னதா, ரூதர்ஃபோர்டு சொன்னதா? சவ்வு அதிர்வதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

பார்ப்பதும் சுலபமில்லை. காக்ளியாவை மூடியிருப்பது பொட்டெலும்பின் உள்பகுதி, உடம்பிலேயே மிகக் கடினமான எலும்புகளில் ஒன்று. உள்ளே இருக்கும் சவ்வோ மிக மெல்லியது, உயிர் போன கொஞ்ச நேரத்தில் காய ஆரம்பித்துவிடும். பேகேஷி முதலில் மாதிரிகள் செய்தார். தண்ணீர் நிறைத்த பெட்டி, நடுவே ரப்பர் சவ்வு, ஒரு முனையில் அதிர்வு. அதில் பார்த்ததை உறுதி செய்ய, இறந்தவர்களின் பொட்டெலும்புகளை மருத்துவமனையிலிருந்து வாங்கிவந்தார். எலும்பைத் தண்ணீருக்குள் வைத்தபடியே டிரில் போட்டார். ஓடுகிற தண்ணீர் தூளை அடித்துக்கொண்டு போகும், சவ்வும் காயாது. ஊசிமுனைக் கத்தி, கத்திரியெல்லாம் அவரே செய்துகொண்டார். காலையில் வந்து பார்த்தால் டிரில் மிஷினில் மனித எலும்புத் தூள்! ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு இது பிடிக்கவே இல்லையாம். நம்ம ஒர்க்‌ஷாப்பில் இப்படி ஒருவர் செய்தால் இன்ஸ்ட்ரக்டர் விடுவாரா?

திறந்த காக்ளியாவின் மேல் வெள்ளித் துகளைத் தூவி, ஸ்ட்ரோபாஸ்கோப் வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தார். வேகமாக அதிர்கிற சவ்வு அந்த வெளிச்சத்தில் மெதுவாக அசைவது போல் தெரிந்தது. ஒரு கயிற்றின் நுனியை உதறினால் அலை ஓடுமே, அதுபோல அங்கவடிப் பக்கம் ஓர் அலை பிறந்தது. ஓட ஓட வளர்ந்தது. ஓரிடத்தில் உச்சிக்குப் போய், அதைத் தாண்டியதும் சட்டென்று செத்துவிட்டது. கீச்சென்ற சத்தத்துக்கு உச்சி வாசல் பக்கத்திலேயே வந்துவிடும், கனத்த சத்தத்துக்கு உள்முனை வரை போகும். காரணம் எளியது. சவ்வு வாசலில் குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கிறது, போகப் போக அகன்று தளர்கிறது.

இதுதான் ஓடும் அலை. இது பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1928-ல் வந்தது. கினிப் பன்றி, கோழி, மாடு, ஏன், யானையின் காக்ளியா வரை பார்த்தார். எல்லாவற்றிலும் அதே அலை.

மூளை போடுகிற கணக்கு

ஆக, எந்தச் சுருதி என்ற தகவல் எந்த இடம் என்ற தகவலாக மாறுகிறது. இந்த வரிசையை மூளையும் கலைப்பதில்லை. செவி நரம்பு மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து நடுமூளை, தலாமஸ் வழியாகப் பொட்டுக்கு உள்ளே இருக்கும் செவிப் புறணியைச் சேர்கிறது. அங்கேயும் பியானோக் கட்டை மாதிரி கீழ்ச் சுருதி முதல் மேல் சுருதி வரை வரிசையாக இடம் ஒதுக்கியிருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். பேகேஷி பார்த்த அலையின் உச்சி கூர்மையாக இல்லை, தட்டையான மேடு மாதிரி இருந்தது. நம் காதோ 1,000 ஹெர்ட்ஸுக்கும் 1,003 ஹெர்ட்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும். மேடு கூராவது எங்கே?

இதற்கு அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. காக்ளியாவைப் பெரிதாக்கி, திரவம் நிறைத்த குழாயாகச் செய்தார். அதன்மேல் சுமார் 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு வரம்பு. முழங்கை முதல் மணிக்கட்டு வரை கையை அந்த வரம்பின்மேல் வைத்துக்கொண்டு அதிர்வு கொடுத்தால், அலை கையின் நீளம் முழுக்க ஓடும். ஆனால் கைக்குத் தெரிவது இரண்டு மூன்று செ.மீ. இடத்தில் மட்டும்! அதிர்வெண்ணைக் கூட்டினால் அந்த இடம் அதிர்வு புறப்படும் முனையை நோக்கி நகரும். தோல் முழுக்க அதிர்கிறது, உணர்வு மட்டும் ஒரே இடத்தில். காரணம், பலமாகத் தூண்டப்பட்ட நரம்பு தன் அக்கம்பக்கத்து நரம்புகளை அடக்கிவிடுகிறது. புலனுறுப்புகள் எல்லாவற்றிலும் இந்த அடக்குதல் நடக்கிறது என்று 1967-ல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார்.

இன்னொன்று கேளுங்கள். இரண்டு விரல் நுனிகளில் இரண்டு அதிர்விகள். இரண்டும் ஒரே சமயத்தில் தட்டினால், பழக்கப்பட்டவருக்கு அந்தத் தட்டு இரண்டு விரலுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் விழுந்த மாதிரி தெரியும். ஒன்றைக் கொஞ்சம் முந்தவிட்டால் உணர்வு அந்த விரலுக்கு ஓடிவிடும். இரண்டு காதும் இதைத்தான் செய்கின்றன. பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் போய்ச் சேரும் நேர வித்தியாசம், அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் முக்கால் பங்குகூட வராது. அதற்குள் மூளைத்தண்டு கணக்குப் போட்டு, திரும்பு, பஸ் வலப்பக்கம் வருகிறது என்று சொல்லிவிடுகிறது.

மூளை இல்லாததையும் சேர்த்துக்கொள்ளும். பழைய டெலிபோன் லைன் விடுவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் என்று படித்திருக்கிறோம். ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ சுமார் 120 ஹெர்ட்ஸ். அது லைனில் வரவே வராது. இருந்தும் அப்பா போனில் பேசினால் அப்பா குரலாகத்தானே கேட்கிறது? 360, 480, 600 என்று மேலே வருகிற மடங்குகளை வைத்து, அடியில் 120 இருக்க வேண்டும் என்று மூளை தானே ஊகித்துக்கொள்கிறது. மூன்று சிக்னல் ஜெனரேட்டரையும் ஒரு சம்மிங் ஆம்ப்ளிஃபயரையும் வைத்து நம் லேபிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

என் அப்பாவின் காது

இப்போது என் வீட்டுக் காரணம். என் அப்பா 26 வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறார். தறிப் பட்டறைக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவரின் காதில் வாய் வைத்துக் கத்த வேண்டும். இப்போது வீட்டில் நாம் பேசினால் அவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை. பல்லு என்றால் கல்லா என்கிறார். தொட்டியை மூடச் சொன்னால் பெட்டியைத் தேடுகிறார். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பேச்சே புரியாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறார். சத்தமாகப் பேசு என்கிறார், சத்தமாகப் பேசினால் ஏன் கத்துகிறாய் என்கிறார்!

காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். வரைபடத்தில் கனத்த சுருதிகள் ஏறக்குறைய சரி, 4,000 ஹெர்ட்ஸில் பள்ளம். பேகேஷியைப் படித்த பிறகு அந்தப் பள்ளத்தின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. உயிரெழுத்துகளின் பலம் கீழ்ச் சுருதியில் இருக்கிறது. க, ச, த, ப இவற்றைப் பிரித்துக் காட்டும் நுட்பம் பெரும்பாலும் மேல் சுருதிகளில். அவை விழுவது சவ்வின் வாசல் பக்கம். பேரிரைச்சல் முதலில் அழிப்பது அந்தப் பக்கத்து முடிச்செல்களைத்தான். போன முடிச்செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. மூளை ஊகிக்கிற வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, அதற்குத் தகவல் பத்தவில்லை.

சோதனையின்போது அப்பா கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். 1947 வாக்கில் பேகேஷி ஓர் ஆடியோமீட்டர் செய்தார். சத்தம் தானாகக் கூடும், கேட்டதும் நோயாளி பட்டனை அழுத்தினால் குறைய ஆரம்பிக்கும், கேட்காமல் போனதும் விட்டால் மறுபடி கூடும், பேனா தானே ஏறி இறங்கிக் கோடு போடும். தன் காதின் எல்லையை நோயாளி தன் கையாலேயே வரைந்துகொள்ளும்படி செய்த மனிதர் அவர்.

போரும் தீயும்

இரண்டாம் உலகப் போரின் முடிவில் புடாபெஸ்ட் முற்றுகையில் சிக்கிச் சிதைந்தது. 1946-ல் பேகேஷி ஊரை விட்டு ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்துக்குப் போனார். அந்த ஆடியோமீட்டர் அங்கே உருவானதுதான். 1947-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம். 1961-ல் காக்ளியாவுக்குள் ஒலி எப்படி நரம்பைத் தூண்டுகிறது என்று கண்டதற்காக நோபல் பரிசு. பங்காளி யாரும் கிடையாது, பரிசு முழுவதும் அவருக்கே.

1965-ல் ஹார்வர்டில் அவருடைய ஆய்வுக்கூடம் தீயில் எரிந்தது. வயது 66. வேறு யாராக இருந்தாலும் போதும் என்று உட்கார்ந்திருப்பார்கள். இவர் 1966-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய் மறுபடி ஆரம்பித்தார். அங்கே அவர் வகித்த பதவிக்குப் பொருளுதவி செய்தது ஹவாயின் டெலிபோன் கம்பெனி! டெலிபோனில் ஆரம்பித்தவர் டெலிபோன்காரர்கள் தயவிலேயே முடித்தார். 1972 ஜூன் 13-ஆம் தேதி ஹோனலூலுவில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆசையாகச் சேர்த்த கலைப்பொருட்களை நோபல் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார்.

அவர் கண்டதெல்லாம் கடைசி வார்த்தையா? இல்லை. அவர் பார்த்தது உயிரற்ற காதுகளை, அதுவும் மிகப் பலத்த சத்தத்தில். உயிருள்ள காக்ளியாவில் அலையின் உச்சி கூர்மையாகவே இருக்கிறது என்பதற்கு 1971-ல் வில்லியம் ரோட் ஆதாரம் காட்டினார். வெளி வரிசை முடிச்செல்கள் தாமே நீண்டு சுருங்கி அலைக்கு ஊக்கம் கொடுக்கின்றன என்று 1980-களில் தெரிந்தது. நம்ம பாஷையில் பாசிட்டிவ் ஃபீட்பேக் ஆம்ப்ளிஃபயர். அதனால் காது சத்தம் கேட்பதோடு, மெல்லியதாகச் சத்தம் போடவும் செய்கிறது. 1978-ல் டேவிட் கெம்ப் அதை மைக் வைத்தே பிடித்தார். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று இன்று அதை வைத்துத்தான் பல இடங்களில் பார்க்கிறார்கள். ஆனாலும் ஓடும் அலையும், இடத்துக்கு ஒரு சுருதி என்ற விதியும் அப்படியே நிற்கின்றன. காக்ளியாவுக்குள் மின்முனைகளை வரிசையாகச் செருகி, காது கேளாத குழந்தையைக் கேட்கவைக்கிறார்களே, அந்தக் கருவி எந்தச் சுருதியை எந்த மின்முனைக்கு அனுப்புவது என்பதும் அதே வரிசைதான்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் போகப்போவது மிஷின் ஓடுகிற இடங்களுக்குத்தான். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபலில் 8 மணி நேரம்தான் இருக்கலாம். 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணி. கிரைண்டிங், ஷீட் மெட்டல் வேலை நடக்கும்போது நம் ஒர்க்‌ஷாப்பில் எத்தனை டெசிபல்? யாரும் அளந்ததில்லை. அளப்பதற்கு மீட்டர் நமக்குப் புதிதல்ல. முதலில் அதை அளப்போம். அளவு கூடுதலாக இருந்தால், பேரவை மூலம் காதடைப்பான் கேட்டு வாங்குவோம். வாங்கியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் மாட்டிக்கொள்வோம். ஹெட்போனின் வால்யூமையும் இரண்டு கட்டம் குறைப்போம்.

அப்பாவுக்கு இப்போது காதில் கருவி மாட்டியிருக்கிறது. க-வும் ப-வும் முன்னைக்குப் பரவாயில்லை. பட்டறைக்குப் போகும்போது காதடைப்பான் வைத்துக்கொள்ளச் சொல்லி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் வாரம் கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்களாம். இப்போது அவர்களில் இரண்டு பேர், எங்கே வாங்கினாய் என்று விசாரித்திருக்கிறார்கள்.

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல்